தரைத்தள அறையைத் திறந்துவிடுங்கள்: குடியிருப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் அலுவலகத்தின் பொறுப்பாளர்களுக்கும், எங்கள் எல்லைக் காவல் நிலைய அதிகாரிகளுக்கும்,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நான் சவாரியில் இருந்த நேரத்தில், எங்கள் பிளாக்கின் தரைத்தள அறைக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். எங்கள் பழைய பூட்டு அறுபட்டு வாசலில் கிடந்தது. கதவில் ஒரு தாள். இளைஞர்கள் கூட்டமாகச் சேர்வதாகப் புகார் வந்திருப்பதாலும், சமூக விரோதச் செயல்களைத் தடுக்கும் பொருட்டும், மறு உத்தரவு வரும்வரை அறை மூடப்படுகிறது என்று எழுதியிருந்தது. கீழே முத்திரை இருந்தது, கையெழுத்து இல்லை, பெயரும் இல்லை. யாருக்கு எழுதுவது என்று தெரியாததால்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். மூன்று மனு கொடுத்தாயிற்று. அலுவலகத்தில் கேட்டால் ஸ்டேஷனில் சொன்னார்கள் என்கிறீர்கள். ஸ்டேஷனில் கேட்டால் அது அலுவலகத்தின் முடிவு என்கிறீர்கள்.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். காலை ஐந்தரைக்கு வண்டி எடுத்தால் மூன்று மணிக்கு விடுவேன். நாலரைக்கு அந்த அறையைத் திறந்தால் ஒன்பதுக்குப் பூட்டுவேன். ஏழு வருஷமாக இதுதான் வழக்கம். உள்ளே மூன்று கேரம் போர்டு, கதவு சரியாகச் சேராத ஒரு பீரோ, அதில் பத்தாம் வகுப்பு நோட்ஸ், இரண்டு ஃபுட்பால். மூன்றாவது மாடியில் பி.காம் படிக்கும் பெண் ஒருத்தி ஏழு மணி வரை கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பாள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பிள்ளைகள் வருவார்கள். மின்கட்டணத்தை நாங்களே வீட்டுக்கு இருபது ரூபாய் வசூலித்துக் கட்டினோம். ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன.

ஏன் நாலரை முதல் ஒன்பது வரை என்று நீங்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 2000-ஆம் ஆண்டுவாக்கில் கண்ணகி நகரில் தொடங்கி, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் விளிம்புக்கு எங்கள் ஜனங்களைக் கொண்டுவந்தார்கள். கூவம் கரை, அடையாற்றங்கரை எல்லாம் காலியானது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக. வீடு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டது. வேலை அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் பெண்கள் இன்றும் பழைய இடத்துக்குத்தான் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். முதல் பஸ்ஸில் ஏறினால் ராத்திரி எட்டு, எட்டரைக்குத்தான் திரும்புகிறார்கள். அப்பன்மார் பாதிப் பேர் பெயின்டிங், சென்ட்ரிங், லோடு வேலை. மீதிப் பேரைப் பற்றிச் சொல்ல வேண்டாம், கடை பன்னிரண்டு மணிக்குத் திறப்பது உங்களுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனுக்கு வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஆயா என்று ஒருவர் குடிசையில் இருந்தபோது இருந்தார். குலுக்கலில் வீடு ஒதுக்கியபோது அவருக்கு வேறு பிளாக் விழுந்தது.

அந்த நாலு மணி நேரத்தில் பையன்களைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பைக்கில் வருவார்கள், பிரியாணி வாங்கித் தருவார்கள், ‘தம்பி’ என்று தோளில் கை போடுவார்கள்.

எங்கள் அணியில் ஒரு கோல்கீப்பர் இருந்தான். பெயர் வேண்டாம். இடது பக்கம் பாய்வதில் கில்லாடி. அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். நானும் முதலில் ஸ்டைல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் இடது பக்கம் பாய்வதை நிறுத்தினான். பந்து வந்தால் காலை மட்டும் நீட்டுவான். ஒரு நாள் கேரம் போர்டில் பவுடர் தூவும்போது அவன் கை நடுங்கியதில் பாதி பவுடர் தரையில் கொட்டியது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னேன். முழங்கை மடிப்பில் கொசு கடித்ததுபோல வரிசையாகப் புள்ளிகள், ஒன்று பழுத்து வீங்கியிருந்தது.

அன்று ராத்திரி பதினொரு மணி வரை ஆட்டோவில் உட்கார்ந்து பேசினான். பன்னிரண்டு வயதில் பஸ் ஸ்டாண்டு கடையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம். தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்தான், ஆனால் சாக்லேட் கேட்பதுபோலக் கேட்டால் கிடைக்கும். பதினாலில் ஒரு ‘அண்ணன்’ பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இந்தப் பொட்டலத்தை அந்த பிளாக்கில் கொடுத்துவிட்டு வா என்றான். ஒரு நடைக்கு இருநூறு ரூபாய். அப்புறம் காசுக்குப் பதிலாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் தரவே கூடாத வலி மாத்திரை. அதைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு ஊசி நாலு பேருக்கு. எச்ஐவியும் மஞ்சள் காமாலையும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன என்பது அந்த நாலு பேருக்கும் தெரியாது.

அவன் அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமாண்ணா?” என்பதுதான். அந்த பயத்தில் ஒரு மாதம் வீட்டிலேயே வைத்துப் பூட்டினார். பையன் கதவை உடைத்துக்கொண்டு போனான். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்துகிறவன் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. இதை அந்த அம்மாவுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? எனக்கே இலவசச் சட்ட உதவிக்கு வந்த வக்கீல் அம்மா ஒருவர் சொல்லித்தான் தெரியும். உங்கள் ஸ்டேஷன் சுவரில் போதைக்கு அடிமையாகாதீர் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அடிமையானவன் எங்கே போக வேண்டும் என்று சின்ன எழுத்தில்கூட இல்லை. 14446 என்ற இலவச எண்ணை அங்கே எழுதுவதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும், ஆளை நானே அனுப்புகிறேன்.

அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு தடவை பாதியில் ஓடிவந்தான். மூன்றாவது தடவை நின்றான். அந்த நாட்களில் அவன் செய்ததெல்லாம் சாயங்காலம் அறைக்கு வந்து ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்ததுதான். விளையாடக்கூட மாட்டான், சின்னப் பையன்களுக்கு ஸ்கோர் எழுதுவான். இப்போது ஏசி மெக்கானிக்கிடம் ஹெல்ப்பராக இருக்கிறான். நான் ஏதோ சாதித்துவிட்டதாக இதைச் சொல்லவில்லை. அவனோடு விளையாடிய இன்னொருவன், பத்தொன்பது வயது, புழல் சிறையில் இருக்கிறான். அவன் என்னிடம் வந்துகொண்டுதான் இருந்தான். நடுவில் வருவதை நிறுத்தினான். நான் தேடிப் போகவில்லை.

இப்போது உங்கள் தாளில் இருந்த ‘சமூக விரோதச் செயல்’ பற்றி. எங்கள் பிளாக்குக்குப் பின்னால் விளையாட்டுத் திடல் என்று வரைபடத்தில் காட்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே வழக்குகளில் பிடித்த வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றீர்கள். இன்று பைக் மட்டும் நூற்றுக்கு மேல், அது போக ஆட்டோ, ஒரு மினி லாரி. கொடி படர்ந்து, சீட்டுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. அங்கே விளக்கு கிடையாது. எந்தப் பையனும் ஒளிந்துகொள்ள வேண்டுமென்றால் அதைவிட வசதியான இடம் இந்தப் பகுதியில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு பேருமாக இடுக்கியை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கினோம். நாலு லிட்டர் பெயின்ட் டப்பாவில் முப்பத்தொரு ஊசிகள். டப்பா மூடி ஒட்டி என் வீட்டுப் பரணில் இருக்கிறது, எந்தக் குப்பையில் போடுவது என்று தெரியவில்லை. ஏழு வருஷத்தில் என் அறையில் ஒரு ஊசி கிடந்ததில்லை. நீங்கள் அறையைப் பூட்டினீர்கள், திடலை அப்படியே விட்டீர்கள்.

புகார் பொய் என்று நான் சொல்லவில்லை. சத்தம் உண்டு. கேரம் போர்டில் ரெட் விழுந்தால் பையன்கள் போடும் கூச்சலில் மேல் வீட்டுக் குழந்தை எழுந்துவிடும், அந்த அக்கா இரண்டு முறை வந்து திட்டியிருக்கிறார், நியாயம்தான். ஒருமுறை அறைக்குள் அடிதடியே நடந்தது, ஒருவனுக்கு உதட்டில் தையல். பல்பு திருட்டும் நடந்திருக்கிறது. இதையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருந்தால் எட்டு மணியோடு மூடுகிறேன் என்று எழுதிக்கொடுத்திருப்பேன்.

காவல் நிலையத்தாருக்குத் தனியாக ஒன்று. நாலு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி திடல் ஓரத்தில் நின்ற ஐந்து பையன்களை வண்டியில் ஏற்றிப் போனீர்கள். மூவர் பதினெட்டு நிரம்பாதவர்கள். மறுநாள் மதியம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்து, தலைமுடியை ஒட்ட வெட்டி, ‘எச்சரித்து’ அனுப்பினீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறுவர் நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடுங்குற்றம் இல்லையென்றால், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவும் இல்லையென்றால், எஃப்ஐஆர் கூடப் போடாமல் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, அவன் குடும்பச் சூழல் பற்றி அறிக்கை தயாரிக்க வேண்டும் என்கின்றன விதிகள். உங்கள் நிலையத்தின் சிறுவர் நலக் காவல் அலுவலர் யார் என்று அன்று கேட்டேன். வாசலில் இருந்த ஏட்டு அய்யா, “எல்லாம் நாங்கதான்” என்றார்.

மொட்டைத் தலையோடு வந்த மூவரில் ஒருவன் மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பு அத்தோடு முடிந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள், நல்ல திட்டம். கல்லூரி வாசல் வரை இவனை யார் கொண்டு சேர்ப்பது?

அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 77, 78-ஆம் பிரிவுகளையும் படித்துக் காட்டினார் அந்த வக்கீல் அம்மா. சிறுவனுக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால், போதைப் பொருளைக் கடத்தவோ விற்கவோ சிறுவனைப் பயன்படுத்தினால், ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பொட்டலம் கைமாற்றும் வேலைக்குப் பதினாலு வயதுப் பையனை ஏன் தேடுகிறார்கள்? அவனைப் பிடித்தாலும் விட்டுவிடுவார்கள் என்று அந்த ‘அண்ணன்’களுக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். எங்கள் பகுதியில் ஒரு அண்ணன் மீதாவது 78-ஆம் பிரிவு போட்டதாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை. முடி வெட்டப்பட்ட பையன்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

போதை ஒழிப்பு நாள் என்று ஜூன் 26 வந்தால் பேரணி. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி. எங்கள் அறையில் பயிற்சிக்கு வந்த சமூகப்பணி மாணவி ஒருவர் சொன்னது: அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய ‘டேர்’ என்ற திட்டத்தில், போலீஸ்காரர்கள் வகுப்பறைக்கே வந்து போதையின் தீமையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் ஆராய்ந்து பார்த்தால், அதில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை. சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டும் திட்டம் இன்னும் மோசம், அதில் போன பையன்கள்தான் அதிகமாகக் குற்றம் செய்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. உங்கள் பேரணியில் பேனர் பிடித்துப் போனவர்களில் என் கோல்கீப்பரும் ஒருவன், முழுக்கைச் சட்டையோடு.

அந்த மாணவி இன்னொன்றும் சொன்னார், ஐஸ்லாந்து. ஐஸ்லாந்து எங்கே, நம்ம ஏரியா எங்கே என்று சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். அங்கே 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடித்துப் போதையேறியவர்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதம். அவர்கள் செய்ததில் பெரிய பகுதி சாயங்கால வேலைதான். பள்ளி விட்ட பிறகு விளையாட்டு, இசை, நடனம் என்று பிள்ளைகள் சேர்வதற்கு அரசு பணம் கொடுத்தது. தலைநகரில் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 35,000 குரோனா என்று அட்டையே போட்டுக் கொடுத்தார்கள். பெற்றோரும் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். எங்கள் பெண்களால் அந்தக் கடைசி விஷயம் முடியாது, பஸ் அப்படி. மற்றதெல்லாம் முடியும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, வட சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஜெயித்து வந்த பிறகு மாலை போட எல்லோரும் வந்தார்கள், சந்தோஷம். எங்கள் பிளாக்கில் யாரும் உலகக் கோப்பைக்குப் போகப் போவதில்லை, அதற்காக நான் அறையும் கேட்கவில்லை. போன வருஷம் ஒருவன் பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி ரீல்ஸ் போட்டு ஸ்டேஷன் வரைக்கும் போய்வந்தான். இந்த வருஷம் எங்கள் அறையில் டியூஷன் பெண்ணின் ஸ்டீல் ஸ்கேலால் வெட்டினான். அதையும் ரீல்ஸ் போட்டான். லைக் கம்மி என்று இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். எனக்கு அந்த அளவு போதும்.

பூட்டு போட்டு ஐந்து வாரம் ஆகிறது. டியூஷன் மாடிப்படியில் நடக்கிறது, பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி வண்டி நிறுத்த வரும்போது, அந்தப் பைக் குவியலுக்குப் பக்கத்தில் என் கோல்கீப்பர் நிற்பதைப் பார்த்தேன். கூட இரண்டு பேர், எனக்குத் தெரியாத முகங்கள். “இங்க என்னடா?” என்றேன். “சும்மாதாண்ணா, எங்க போறது?” என்றான். அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தான். இப்போதைக்கு.

நான் கேட்பது இவைதான். இந்த வாரத்துக்குள் அறையைத் திறந்துவிடுங்கள். இரவு எட்டு மணி வரை என்று நேரம் வையுங்கள், மேல் வீட்டு அக்காவையும் சேர்த்து ஐந்து பேர் கொண்ட பொறுப்புக் குழு அமையுங்கள், எழுத்தில் கொடுங்கள், கையெழுத்து போடுகிறோம். திடலில் உள்ள வண்டிகளை வழக்கு முடிந்தவை, முடியாதவை என்று பிரித்து மூன்று மாதத்துக்குள் அகற்றுங்கள். அதுவரைக்கும் அந்த இடத்தில் இரண்டு விளக்காவது போடுங்கள், ஊசி பொறுக்கப் பாதுகாப்பான முறையில் சுகாதார ஆட்களை அனுப்புங்கள், என் பரணில் இருக்கும் டப்பாவையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் சிறுவர் நல அலுவலரின் பெயரையும் எண்ணையும் வாசலில் எழுதி வையுங்கள். பதினெட்டு நிரம்பாத பையனைப் பிடித்தால் அவர் மூலமாக மட்டும் விசாரியுங்கள், வீட்டுக்கு உடனே தகவல் சொல்லுங்கள், தலையில் கை வைக்காதீர்கள். எந்தப் பையனிடம் பொட்டலம் கிடைத்தாலும் கொடுத்தவன் யார் என்ற கேள்வியோடு 78-ஆம் பிரிவில் விசாரணை தொடங்குங்கள். பஸ் ஸ்டாண்டு கடைகளில் ஒரு வாரம் மஃப்டியில் நின்று பாருங்கள். மாதம் ஒரு நாள் அரசு மருத்துவமனையிலிருந்து மனநல மருத்துவரோ ஆலோசகரோ எங்கள் அறைக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். சிகிச்சைக்கு வந்தால் பிடித்துக் கொடுக்க மாட்டோம் என்று அம்மாக்களிடம் நீங்களே வந்து, யூனிஃபார்ம் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். அன்று எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

பதில் எழுத்தில் வேண்டும், அடியில் பெயரோடு. இன்னொன்று, அறையின் பின்பக்க ஜன்னலில் கண்ணாடி இல்லை, நாங்கள் அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். ஐப்பசி மழை ஆரம்பித்தால் சாரல் நேராகக் கேரம் போர்டின் மேல்தான் விழும், பிளைவுட் ஊறினால் அப்புறம் காய் நகராது. அதற்கு முன் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பத்தாவது பிளாக், ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்